மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

செம்பூர்,
11-1-1968

அன்புள்ள அனந்தநாராயணன் சார் அவர்களுக்கு,

நினைவுச் சவாரிக்கான மலரின் அச்சுப் பிரதி போன வாரம் தபாலில் வந்தது. தாள் நல்ல தாள். எழுத்தும் பெரிதாக, கண்ணை உறுத்தாமல் இருக்கிறது. முதல் பக்கத்தில் பூலோகத்தின் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். தலைப்பு அவன் தலையில் இடிக்கிறது. மற்றபடி மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம் வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சைக்கிள் சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் நீங்கள் கேட்டது 'என் நண்பன்' என்று ஒரு பக்கக் கட்டுரை. நான் லேபர் கேம்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவன். இப்போது கம்பெனியில் நான் எழுதுவதெல்லாம் லாரி நம்பரும் அதன் பக்கத்தில் ஓ.கே. என்பதும்தான். அதனால் கட்டுரை கடிதமாகிவிட்டது, நீளமும் கூடிவிட்டது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'கண்டாலாவில் ஓய்வு நேரத்தில், நண்பர் வானமாமலை வண்டியைச் சோதித்து முடித்த பிறகு, பூலோகம் அவசரத்தில் பிரேக் கட்டைகளை மாற்றினார். இரண்டையும் தலைகீழாகப் பொருத்திவிட்டார். இறக்கத்தில் உயிரிழந்தார். இளம் வீரர்கள் இதைப் பாடமாகக் கொள்ள வேண்டும்.'

உங்கள் மேல் தப்பில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கோபோலி போலீஸ் சௌக்கியில் நான் என்ன சொன்னேனோ அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதே பிரதியை மரியாதைக்காகப் பூலோகத்தின் அம்மாவுக்கும் ஒன்று அனுப்பிவிட்டீர்கள். பேராச்சிப் பெரியம்மைக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது என்னிடம்தான் நீட்டி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். 'அவசரத்தில்' என்ற இடம் வந்ததும் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "எம்புள்ள அவசரக்காரன் இல்லியே வானமாமல" என்றாள். மீதியையும் வாசித்து முடித்தேன். திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

முறைப்படி சொல்கிறேன். தாராவியில் தங்கசாமி அண்ணாச்சியின் சைக்கிள் கடையில் நானும் பூலோகமும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அண்ணாச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டியைப் பிரித்து மாட்டியவன் அதைச் சோதிக்கக் கூடாது, அடுத்தவன்தான் சோதிக்க வேண்டும். தன் கை செய்த தப்பு தன் கண்ணில் படாது என்பது அவர் கட்சி. கடையில் அதற்கு மாற்றுப் பார்வை என்று பேர். பார்த்து முடித்தவன் சீட்டுக்கு அடியில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, "பாத்தாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் எந்த வண்டியும் கடைவாசலைத் தாண்டாது. சங்கத்தின் மலைச் சவாரிக்கும் இதையே விதியாக வைக்கலாம் என்று மாட்டுங்காவில் உங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவன் பூலோகம்தான். நீங்கள் மெச்சி அவனுக்குக் காபி கொடுத்தீர்கள். நானும் கூட வந்திருந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மலரைப் படிப்பவர்களுக்குப் புரியாது. பிரேக் கட்டை என்பது விரல் நீளத்துக்கு ரப்பர். அதைப் பிடித்திருக்கும் தகட்டு உறைக்கு ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். மூடிய முனை சக்கரம் சுழன்று போகிற பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால், பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சக்கரமே ரப்பரை உருவி வெளியே தள்ளிவிடும். தாராவித் தெருக்களில் அப்படிப் போட்ட வண்டி ஒரு மாதம்கூட ஓடும். காட் மலைப்பாதை இறக்கத்தில் நாலைந்து வளைவு தாங்காது.

பூலோகத்தைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நான் உடைத்த பொருளுக்கு அவன் திட்டு வாங்கியிருக்கிறான். எனக்குக் காய்ச்சல் என்றால் என் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு அதை அண்ணாச்சியிடம் சொல்லாமல் இருந்துவிடுவான். எங்கே போனாலும் பத்தடி முன்னால் போய் எனக்காக நிற்பான். என்னைத் தனியாகப் பார்த்தவர்கள் எல்லாரும், "பூலோகம் எங்கல?" என்றுதான் கேட்பார்கள். அவனைத் தனியாகப் பார்த்தவர்கள் யாரும் என்னைக் கேட்டதாக நான் அறியேன். இருபத்திரண்டு வயது வரை இதை நான் கணக்கில் வைத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் குடியரசு தின விடுமுறையோடு ஞாயிறும் சேர்ந்து வந்தது. சங்கத்தின் மலைச் சவாரிக்கு இருபது ஜோடிகள், நாற்பது வண்டிகள். ஜோடிக்கு ஒரே நம்பர். இரண்டாவது ஆள் வந்து சேர்கிற நேரம்தான் ஜோடியின் நேரம் என்று விதி வைத்தீர்கள். நல்ல விதிதான், நட்பை வளர்க்கும் என்று மேடையில் சொன்னீர்கள். பூலோகத்தோடு ஜோடி சேர ஐந்தாறு பேர் கேட்டார்கள். அவன் யாருக்கும் ஒத்துக்கொள்ளாமல் என் பேரைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னான்.

எனக்கும் அந்தச் சவாரியில் ஒரு காரியம் இருந்தது. செம்பூரில் இந்தக் கம்பெனி அப்போது சைக்கிள் டீம் சேர்த்துக்கொண்டிருந்தது. ஸ்போர்ட்ஸ் ஆபீசர் ஜீப்பில் கூடவே வந்து பார்ப்பார், தேறுகிறவனுக்கு நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். வீட்டுக்குள்ளேயே குழாய் உள்ள குவார்ட்டர்ஸ். லேபர் கேம்ப்பில் ஒரு குடத் தண்ணீருக்கு என் அம்மா வரிசையில் நின்று வாங்காத பேச்சு இல்லை. அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை, பூலோகத்திடம்கூட. மூன்று மாதம் தினமும் அந்தேரி வரை போய் வந்து பழகினேன். அவன் அதில் பாதிகூடப் பழகவில்லை.

முதல் நாள் முலுண்ட், தாணா, மும்ப்ரா, பன்வேல் என்று சமதரையில் நான் குறை வைக்கவில்லை. கோபோலி சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு மலை ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது வளைவிலேயே என் தொடை இறுகிவிட்டது. பூலோகம் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தபடி மாடிப்படி ஏறுகிறவன் போலப் போனான். போய் அடுத்த வளைவில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். நான் போய்ச் சேரும்போது அவனுக்கு மூச்சுக்கூட வாங்கியிருக்காது.

"மெல்ல வாலே. மலை எங்கயும் ஓடிப் போயிராது."

ஒவ்வொரு வளைவிலும் இதே பேச்சு. பதினோரு வளைவில் நின்றான், நான் எண்ணினேன். பக்கத்தில் ஜீப் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆபீசர் முதலில் அவனைப் பார்ப்பார், பிறகு அவன் யாருக்காக நிற்கிறான் என்று திரும்பி என்னைப் பார்ப்பார். எட்டாவது வளைவில் அவர் டிரைவரிடம் ஏதோ சொல்ல, டிரைவர் சிரித்தான். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பூலோகம் நிற்காமல் போயிருந்தால் நான் தோற்றவன், அவ்வளவுதான். தோற்றவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காத்திருந்து கூட்டிப் போகப்படுகிறவனை எல்லாரும் பார்க்கிறார்கள். அன்று எனக்கு வந்த வெறுப்பைப் போல முன்னும் பின்னும் யார் மேலும் வந்ததில்லை.

கண்டாலா எட்டும்போது என் பின் டயரும் பஞ்சர். வந்த வழியே கோபோலிக்கு இறங்கும் முன் நீங்கள் கொடுத்த ஓய்வு முக்கால் மணி நேரம். நான் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மரத்தடியில் கிடந்தேன். பூலோகம் முதலில் என் காலை நீட்டிவைத்து அமுக்கிவிட்டான். பிறகு என் பஞ்சரை ஒட்டினான். தேயாத கட்டைதான் இறக்கத்தைத் தாங்கும் என்று என் வண்டியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு புதுக் கட்டைகளையும் அவனே போட்டான். அதெல்லாம் முடிந்த பிறகுதான் தன் வண்டிக்குப் போய்த் தன் கட்டைகளை மாற்றினான். பாதியில் ஆபீசர் கைதட்டிக் கூப்பிட்டார். நட்டை முடுக்கிவிட்டு எழுந்து ஓடினான்.

ஜீப்பருகே இரண்டு பேரும் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் ஒரு விரலைக் காட்டினார். பூலோகம் தலையை ஆட்டி மறுத்து, என் பக்கம் கையைக் காட்டிப் பேசினான். கடைசியில் அவர் அவன் தோளில் தட்டினார். அவன் முகம் மலர்ந்து வந்தான்.

"ஏலே, வேல முடிஞ்சிட்டு. ஓட்டுதவனுக்கு ஒரே எடம்தானாம். வானமாமல இல்லாம நா வரமாட்டேன் சாப்னு ஒத்தக் கால்ல நின்னுட்டேன். டீம் வண்டியெல்லாம் பாக்க ஒரு ஆளு வேணும்லா, அதுல ஒன்னயப் போடுதேன்னு சொல்லிட்டாரு. இனிமே எம் வண்டிய நீதான் பாக்கணும்."

"சரி" என்றேன்.

"கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? ரெண்டு பேருக்கும் குவார்ட்டர்ஸ்லே."

சிரித்தேன். நன்றி என்றும் சொன்னேன். அவன் ஸ்பானரையும் சாக்பீஸையும் என் கையில் வைத்து, "நீ பாத்து முடி, நா சாயா வாங்கியாரேன்" என்று எதிரே இருந்த கடைக்குப் போனான்.

நான் விரும்பிய வேலை கிடைத்துவிட்டது சார். அவன் வாங்கிக் கொடுத்துக் கிடைத்தது. செம்பூரிலும் அவன் முன்னால் போய் எனக்காக நிற்பான். குவார்ட்டர்ஸில் யார் கேட்டாலும், பூலோகம் கூட்டிக்கொண்டு வந்த ஆள் என்பார்கள். என் அம்மா குழாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் பேரைச் சொல்லி வாழ்த்துவாள். ஆயுசு முழுக்க அவன் சீட்டுக்கு அடியில் கோடு போடுகிற வேலை. இதைக் கோபத்தில் நினைக்கவில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்திவைத்துக்கொண்டு, மற்றச் சாமான்களைப் பார்ப்பது போலவே நிதானமாகப் பார்த்தேன்.

முன் கட்டை திரும்பியிருந்தது. திறந்த முனை போகிற பக்கம். ஆபீசர் கூப்பிட்ட அவசரத்தில் போட்டது அது. அண்ணாச்சி சொல்வது போல, அவன் கண்ணில் அது படவில்லை. என் கண்ணில் பட்டது.

ஆக, முதல் பிழை இது. நான் சோதித்த பிறகு அவன் கட்டை மாற்றவில்லை. மாற்றிய பிறகுதான் சோதித்தேன். பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியில் கோடு இழுத்தேன். அவன் இரண்டு கிளாஸ் சாயாவோடு வந்தபோது "பாத்தாச்சு" என்றேன். அவன் தலையசைத்தான். கையால் நான் எதுவும் செய்யவில்லை. தினம் இருபது தரம் சொல்கிற ஒரு வார்த்தையை இருபத்தோராவது தரம் சொன்னேன். பிழை இருக்கிறது என்று தானாகச் சொல்லாதது எந்தச் சட்டத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஆபீஸில் இருப்பவர், உங்களுக்குத் தெரியலாம்.

அம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கிச் சட்டைக்குள் போட்டிருந்தான். "நா முன்னால போறேன், எதுக்க லாரி வந்தாக் கையக் காட்டுதேன்" என்றான். இறங்கினோம்.

முதல் இரண்டு வளைவும் ஒழுங்காக வாங்கினான். மூன்றாவதில் அவன் முன் சக்கரத்திலிருந்து கறுப்பாக ஒன்று துள்ளி ரோட்டோரம் விழுந்தது. நான் பிரேக் பிடித்து நின்று அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கீழே கிடக்கிற சாமானை எடுக்காமல் போவது எங்கள் தொழிலில் பழக்கமில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவன் வேகம் கூடியிருந்தது. காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தான்.

"வானமாமல, பிரேக்கு போச்சு. நீ நில்லுலே. எம்பின்னால வராத."

அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மலரில் போடலாம், நன்றாக இருக்கும். அடுத்த வளைவில் கீழிருந்து ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. டிரைவர் மேல் தப்பில்லை, அவர் தன் ஓரத்தில்தான் வந்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் போனேன். நில் என்று அவன் சொல்லியிருந்தான் அல்லவா.

அன்று சௌக்கியில் அழுதேன். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அழுகை பொய்யில்லை. உறைகள் இரண்டும் திரும்பியிருப்பதைப் போலீஸ்காரர்களே கண்டுபிடித்து, சோதித்தது யார் என்று கேட்டார்கள். நான் பார்த்த பிறகு மாற்றினான் என்றேன். செத்தவனை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. ஆபீசர் சௌக்கிக்கு வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து அவரே ஆள் அனுப்பி எனக்கு வேலை கொடுத்தார். இறந்தவனுக்குக் கொடுத்த வாக்கு என்றார். ஆகக் கடைசியில் அதுவும் அவன் வாங்கிக் கொடுத்ததாகவே போய்விட்டது.

வேலையில் என்னைக் குறை சொல்ல ஆள் இல்லை. சைக்கிள் டீமைக் கலைத்துவிட்டு என்னை லாரி ஷெட்டுக்கு மாற்றினார்கள். வெளியே போகிற ஒவ்வொரு லாரிக்கும் பிரேக் பார்த்து ஓ.கே. போடுவது நான். ஐந்து வருஷத்தில் ஒரு லாரிகூடப் பிரேக் பிடிக்காமல் போனதில்லை. போன தீபாவளிக்கு மேடையில் கூப்பிட்டுக் கடிகாரம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேராச்சிப் பெரியம்மையைப் பார்க்கப் போகிறேன். கருவாட்டுக் குழம்பு வைத்து எனக்கென்று எடுத்து வைத்திருப்பாள். சாப்பிடும்போது ஒன்று சொல்வாள், வாரா வாரம் சொல்வாள்: "ஒன் வண்டிய எம்புள்ள பாத்தான். எம்புள்ள வண்டிய ஒருத்தன் நல்லாப் பாத்திருக்கக் கூடாதா." என் மேல் கோபத்தில் சொல்வதில்லை. சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடுவாள். நான் சாப்பிடுவேன்.

அவள் மலர் வெளியீட்டு விழாவில் முன் வரிசையில் உட்காரப் போகிறாள். அவள் காதில் விழும்படி, அவன் அவசரத்தால் செத்தான் என்று வாசிக்கக் கூடாது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன், எனக்காக அல்ல. தொழில் தெரிந்தவன் என்ற முறையிலும் அந்த வரி எனக்குப் பொறுக்கவில்லை. பூலோகமும் தங்கசாமி அண்ணாச்சியிடம் தொழில் கற்றவன். அவசரத்தில் ஒரு கட்டையைத் திருப்பிப் போடுவான். இரண்டையும் போடமாட்டான்.

திருத்தம் இதுதான். 'நண்பர் சோதித்து முடித்த பிறகு' என்பதை 'நண்பர் சோதிக்கும் முன்பு' என்று மாற்றுங்கள். 'இரண்டையும் தலைகீழாக' என்பதை 'முன் கட்டையை மட்டும் தலைகீழாக' என்று மாற்றுங்கள். பின் கட்டையை அவன் சரியாகத்தான் போட்டிருந்தான். முன் கட்டை போனாலும் பின் கட்டை ஒன்றைக் கொண்டே அவனைப் போல ஓட்டத் தெரிந்தவன் கோபோலி வரை இறங்கிவிடுவான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாயாக் கடையில் கூட்டம் இருந்தது. அவன் வரிசையில் நிற்கும்போது, அவன் கொடுத்த ஸ்பானராலேயே பின் நட்டைக் கழற்றி, உறையைத் திருப்பி மாட்டினேன். ரப்பர் சுலபமாக வரும்படி தகட்டின் வாயைக் கொஞ்சம் விரித்தும் விட்டேன். பிறகு நட்டை நன்றாக முடுக்கினேன். நடுவில் அவன் திரும்பிப் பார்த்து, சாயாவில் இஞ்சி போடச் சொல்லட்டுமா என்று கேட்டான். போடச் சொன்னேன்.

கையால் எதுவும் செய்யவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்க வேண்டாம், அது முன் கட்டையைப் பற்றி எழுதியது.

நம்மை விரட்டச் சொல்லி ஊரெல்லாம் கோஷம் போடுகிற இருப்பில் மதராஸிகள் நாற்பது பேர் சேர்ந்து சவாரி விடுவதே பெரிய காரியம். நினைவுச் சவாரியில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது. கண்டாலாவில் பிரேக் சோதிக்க ஆள் வேண்டுமென்றால் லீவு போட்டுவிட்டு வருகிறேன். இந்த வேலையில் என்னை நம்பலாம்.

மலரின் மற்றப் பக்கங்களையும் ஒரு வரி விடாமல் படித்தேன், பிழை இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

பார்த்தாச்சு.

இப்படிக்கு,
வானமாமலை